யாருடைய முழங்கால்?

எங்கள் பக்கத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற எந்த வாகனத்துக்கும் பெயர் ஜீப்தான். எந்தக் கம்பனி செய்தது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் பதிவுப் புத்தகத்தோடு சரி. உயரமாக இருந்து, ஏறும்போது ஒரு கையால் எதையாவது பிடிக்க வேண்டி வந்தால் அது ஜீப். அப்படி ஒன்று பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்ற அன்று, கடைசிப் பாடத்துக்கு மணி அடிக்க முன்பே நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்துவிட்டேன். பதினேழு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். மணிக்கு முன் வெளியே வந்தது அந்த ஒரு நாள்தான். மறுநாள் பள்ளிக்கூட அதிபர் காரணம் கேட்டபோது வயிற்றுக்குத்து என்று சொன்னேன். முகம் முழுக்கச் சிரிப்போடு அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவரும் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார்.

ஜப்பானில் பல வருடம் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி அது. சாவியைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. என் கணவர் மட்டும் ஒவ்வொரு முறையும், "ஓம் அம்மா, ஓம்," என்று மரியாதையாகப் பதில் சொல்வார்.

அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் இயந்திரம் பார்க்கிறவர். மலை போல வருகிற கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்து, துறைமேடையில் பூப்போலக் கொண்டுபோய் அணைக்கிற படகு. வேலையில் அவ்வளவு பலத்தோடு புழங்குகிற மனிதர், வீதிக்கு வந்தால் ஆமை. நான் ஓட்ட, பக்கத்துக் கதிரையில் அவர் இருந்தால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். வண்டியின் கையேட்டை எங்கேயோ தேடி ஆங்கிலத்தில் அச்செடுத்து இரண்டு முறை படித்து, முக்கியமான இடங்களுக்குச் சிவப்புப் பேனையால் கோடும் போட்டு வைத்திருந்தார்.

"இதைப் படிச்சுப்போட்டு ஓடுமன்," என்றார்.

"ஓடிப்போட்டுப் படிக்கிறன்," என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே புல்மோட்டை வீதியில் வடக்கே விட்டேன். வலது பக்கம் கடல், இடது பக்கம் களப்புத் தண்ணீர், நடுவே கறுப்புப் பாய் விரித்தது மாதிரி வீதி. உயரத்தில் இருந்து பார்க்கும்போது மதில்களுக்கு அப்பால் இருக்கிற வளவுகள் எல்லாம் தெரிந்தன. இத்தனை வருடம் இதே வீதியில் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் போனவள் நான். ஊர் எனக்கு ஏதோ ஒளித்து வைத்திருந்ததைப் போல இருந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கால் புரியாததன் அடையாளம் வேகமானியில் தெரிந்தது.

"அறுபது," என்றார் கணவர். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும், "அறுபது." அவர் சொன்னது நான் ஓடுகிற வேகம் அல்ல, ஓட வேண்டிய வேகம்.

நிலாவெளி தாண்டி ஒரு வளைவில், வீதியின் நடுவே ஒரு பசு படுத்திருந்தது. அந்த வீதியில் மாடுகளுக்குத்தான் முதலுரிமை, அது எல்லோருக்கும் தெரியும். ஸ்கூட்டரில் பழகிய கை, தன்பாட்டில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டியது. வண்டி உயரமானது என்பதை அப்போதுதான் என் உடம்பு கண்டுபிடித்தது. கீழே சக்கரங்கள் ஒரு பக்கம் போக, மேலே நாங்கள் இன்னொரு பக்கம் சரிந்தோம். "வெட்டாதையும்! நேரா வைச்சுப் பிடியும்!" என்று அவர் கத்தினார். நேராக்கி, பிரேக்கை இறுக மிதித்தேன். பசுவுக்கு ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்தால் வருகிற தூரம், இருக்க நின்றோம். அது எழும்பக்கூட இல்லை.

வீதியோரமாக நிறுத்தி இறங்கி, பசுவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அங்கேயே, இந்த வண்டியை ஒழுங்காக ஓட்டப் பழகாமல் விடுவதில்லை என்ற ரோசம் பெரிதாக வந்தது. உயர்ந்த வண்டியைத் திடீரென்று வெட்டக் கூடாது, நேராக வைத்துத்தான் வேகத்தைக் கொல்ல வேண்டும் என்று அன்று பாடமானது. அதற்குக் கையேட்டில் சிவப்புக் கோடு போட்டிருந்தது என்பதை அவர் வீடு வரும்வரை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார்.

கையேட்டை அதன் பிறகாவது படித்தேனா என்றால், இல்லை. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய கம்பி. அதில் நாலு எச் என்றும் நாலு எல் என்றும் எழுதியிருந்தது. எச் என்றால் ஹெவி, எல் என்றால் லைட் என்று டயர்க்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். பாரமான வேலைக்கு ஹெவி, லேசான வேலைக்கு லைட். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பிறகு விசாரித்தால், ஜீப் வைத்திருக்கிற பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஞானத்தோடு இறக்கக்கண்டிக் கடற்கரையில் மணலுக்குள் இறங்கினேன். மணல் பாரமான வேலை, ஆகவே எச். ஐம்பது அடி பறந்தோம். ஐயோ, அந்த ஐம்பது அடி! மணல் இரண்டு பக்கமும் சீறி எழும்ப, பின்பக்கம் நெளிய, நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கூவினேன். பிறகு இயந்திரம் உறுமியது, சக்கரம் சுழன்றது, வண்டி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. இன்னும் மிதித்தேன். மிதிக்க மிதிக்க முன்னால் போவதற்குப் பதிலாகக் கீழே போனோம். கதவைத் திறந்தால் மணல் படிக்கட்டோடு மட்டமாக இருந்தது.

கொஞ்சம் தள்ளி, கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி, ஐம்பது வயதிருக்கும், சிரிப்பை அடக்க ஏலாமல் வந்தார். வலை இழுக்கிற ட்ராக்டர் பக்கத்தில் நின்றது. அதைக் கொண்டுவரட்டுமா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் மாட்டேன் என்று சொல்லவும் ஆயத்தமாக இருந்தேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் வண்டியைச் சுற்றி வந்து டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"தங்கச்சி, எங்கட ஊரின்ர பேரே இறக்கு எண்டுதானே துவங்குது. முதல்ல காத்தை இறக்குங்கோ."

கரைவலைக்காரர் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. என் கணவர், நான் கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து காற்றுமானியை எடுத்தார். மனிதர் அதைக் காலையிலேயே பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்!

நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினோம். டயர்கள் அகன்று, மணலில் பாதம் பதிப்பது போலப் படுத்தன. சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலை வாரினேன். "இப்ப எல்லில போடும். எல் எண்டா லைட் இல்லை, லோ. மெதுவா, ஆனா பலமா," என்றார் கணவர். போட்டேன். கிளட்சை மெல்ல விட்டு, காலை முட்டையில் வைப்பது போல வைத்தேன். வண்டி முனகிக்கொண்டு எழும்பி வெளியே வந்தது. கரைவலைக்காரர் விசிலடித்தார்கள். மேசன் கையில் வீடு எழும்புவதை முதல்முறை பார்க்கிற வீட்டுக்காரி மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அன்றோடு எனக்குப் பைத்தியம் பிடித்தது. சனி, ஞாயிறு என்றால் மணல், கிறவல், வயல் வரம்போரம், எங்கே பாதை கெட்டுக் கிடக்கிறதோ அங்கே. குழியில் சக்கரம் அடித்து ஸ்டியரிங் திரும்பினால் பெருவிரலை முறித்துவிடும், அதனால் பெருவிரலை உள்ளே கொடுக்காமல் வெளியே வைக்கப் பழகினேன். கையேட்டையும் கடைசியில் படித்தேன், அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து. ஊரில் எனக்கு ஜீப் ரீச்சர் என்று பெயர் வந்தது. பெயர் வந்தால் கூடவே ஒரு திமிரும் வரும். எனக்கும் வந்தது.

அந்தத் திமிரோடுதான் மாரி மழைக்குள் போனேன்.

என் அக்காவைப் புல்மோட்டை வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு வயல் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவவின் மகள், என் பெறாமகள், அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம். முதல் தரம் மயிரிழையில் போய்விட்டது. மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் ஒரு வருடம் முழுக்க முற்றத்துக்குக்கூட வராமல் படித்தாள். பரீட்சை முடியும்வரை எங்கள் வீட்டில் வந்து நில் என்று கூப்பிட்டேன். தன் மேசையில் இருந்தால்தான் படிப்பு ஏறும் என்றாள். பரீட்சை மண்டபமும் எங்கள் வீட்டை விட அவர்களுக்குத்தான் கிட்ட, பெரிய வீதியில் இருந்தது.

இரசாயனவியல் இரண்டாம் பத்திரத்தன்று விடியற்காலை, கோழி கூவுகிற நேரம், அக்கா தொலைபேசி எடுத்தா. மூன்று நாளாகப் பெய்த மழையில் குளம் நிரம்பி வான் பாய்கிறது, பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகிறது, பஸ் வராது, ஓட்டோக்காரன் மாட்டேன் என்கிறான். சொல்லும்போதே அழுதா.

"அழாதையுங்கோ. ஜீப் இருக்குத்தானே," என்றேன். பொய் சொல்லக் கூடாது: அக்கா அழுகிற நேரத்திலும் என் உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. இதற்குத்தானே இத்தனை நாள் பழகினேன்!

கணவருக்கு அன்று மாலை வேலை. வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே வந்து ஏறினார். மழையில் புல்மோட்டை வீதி மினுங்கிக்கொண்டு கிடந்தது. பரீட்சை எட்டரைக்கு. அரை மணித்தியாலம் பிந்தினாலும் விடுவார்கள். ஒன்பது மணி தாண்டினால் கதவு பூட்டினது பூட்டினதுதான். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, அந்தப் பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பாலம் என்றால் உயர்ந்த பாலம் இல்லை. சப்பாத்துப் பாலம். ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போட்ட கொங்கிரீட் பாதை, மழைக்காலத்தில் தண்ணீர் அதற்கு மேலால் போகட்டும் என்றே கட்டியது. கரையில் வாழ்கிறவர்கள் அந்தத் தண்ணீரைக் காலால்தான் அளப்பார்கள்: கணுக்கால் தண்ணீர் என்றால் எல்லாம் போகலாம், கெண்டைக்கால் தண்ணீர் என்றால் பஸ் போகும், முழங்கால் தண்ணீர் என்றால் ட்ராக்டர். அன்று செம்மண் நிறத்தில், சத்தமில்லாமல், வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் ஓரத்தில் இருக்கிற கட்டைத் தூண்களைக் காணவில்லை.

அக்கரையில் அவள் நின்றாள். வெள்ளைச் சீருடை, ஒரு கையில் குடை, மற்றக் கையில் பேனைகளும் அடையாள அட்டையும் வைத்த கண்ணாடிப் பை. பக்கத்தில் அத்தான், அக்காவின் கணவர். ஜீப்பைக் கண்டதும் அவள் அந்தப் பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

இக்கரையில் ஏழெட்டுப் பேர் மோட்டார் சைக்கிள்களோடு நின்றார்கள். அவர்களில் ஒருவர், ஆள் நல்ல உயரம், சாரத்தைத் தூக்கிக் கட்டியபடி என் யன்னலடிக்கு வந்தார்.

"இப்பதான் அக்கா நான் நடந்து பாத்திட்டு வந்தனான். முழங்கால் தண்ணிதான். உங்கட ஜீப்புக்கு இதெல்லாம் என்ன! எல்லில போட்டு ஒரே இழுவை, அங்கால நிப்பியள்."

"போங்கோ அக்கா, போங்கோ," என்றார்கள் மற்றவர்கள். என்னை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜீப் ரீச்சர் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னதும் காதில் விழுந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முழங்கால் தண்ணீர், ட்ராக்டர் போகும், ட்ராக்டர் போனால் நானும் போவேன். அக்கரையில் பிள்ளை கையாட்டுகிறாள். சிறிய கம்பியை எல்லுக்குத் தள்ளினேன்.

கணவர் அந்தக் கம்பியின் மேல் கையை வைத்தார். வைத்துக்கொண்டு, யன்னலால் அந்த மனிதரைக் கேட்டார்:

"தம்பி, யாற்ற முழங்கால்?"

"என்னண்ணை?"

"முழங்கால் தண்ணி எண்டனீர். யாற்ற முழங்கால்?"

அந்த மனிதர் குழம்பிப்போய்த் தன் காலையே குனிந்து பார்த்தார். கணவர் என்னைப் பார்த்து, "இறங்கி அவருக்குப் பக்கத்தில நில்லும்," என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு மணியாகிறது, இந்த மனிதர் முழங்காலை ஆராய்ச்சி செய்கிறார்! இருந்தாலும் இறங்கினேன். இறங்கி அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவருடைய முழங்கால் என் தொடையின் நடுவில் இருந்தது. சாரம் நனைந்திருந்த அடையாளம் அதற்கும் ஒரு சாண் மேலே.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அந்த உயரமான மனிதரும் சேர்ந்து. கணவர் சிரிக்கவில்லை. ஒரு தடியை அவருடைய காலடியில் ஊன்றி, ஈர அடையாளத்துக்கு நேரே விரலை வைத்து, அப்படியே கொண்டுபோய் ஜீப்பின் பக்கத்தில் ஊன்றினார். அடையாளம் சக்கரத்தின் நடுவைத் தாண்டி, கதவின் அடியையும் தாண்டி நின்றது.

"சக்கரத்தின்ர நடு மட்டும்தான் போகலாம் எண்டு எழுதியிருக்கு. அதுவும் நிக்கிற தண்ணியில. இது ஓடுற தண்ணி," என்றார். "கப்பலை இழுக்கிற எங்கட படகையே ஓடுற தண்ணி பக்கவாட்டில கொண்டுபோகும். இந்த ஜீப் என்ன, பெட்டி. கதவளவுக்குத் தண்ணி வந்தா மிதக்கத் துவங்கிடும். மிதந்தா நாலு சக்கரமும் ஒண்டுதான், நாப்பது சக்கரமும் ஒண்டுதான். அடியில பாலம் உடைஞ்சு கிடக்கோ எண்டும் தெரியாது."

"அப்ப பிள்ளை?" என்று கத்தினேன். "அவள் இன்னொரு வருஷம் இருந்து அழட்டுமோ?"

அவர் ஆற்றின் மேலும் கீழும் பார்த்தார்.  அக்கரையில் இருந்த அத்தான் அதற்குள் ட்ராக்டரில் பிள்ளையை ஏற்றி அனுப்பட்டுமா என்று தொலைபேசியில் கேட்டார். "வேண்டாம்," என்று நானே சொன்னேன். என் வாயால் அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. தடியில் அவர் விரல் பிடித்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வேற பாதை ஒண்டும் இல்லையோ, அத்தான்?"

அவர் யோசித்தார். பெரிய வீதியில் இன்னும் வடக்கே போய், உயர்ந்த பாலத்தால் ஆற்றைக் கடந்தால், அக்கரையிலேயே ஒரு மாட்டு வண்டில் பாதை இருக்கிறது. பற்றைக்காட்டுக்குள்ளால் ஆறு கிலோமீட்டர். "ஆனா களிமண்ணில மோட்டார் சைக்கிளே புதையும், கார் வராது," என்றார்.

"இது கார் இல்லை அத்தான்!"

வண்டியைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தேன்: அக்கரையில் அவள் கை மெல்லக் கீழே இறங்கியது. அத்தான் சொல்ல முன்பே, நான் அவளை விட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். 

ஏழேகாலுக்கு வண்டில் பாதையின் வாயில் நின்றோம். ஆளுக்கு இரண்டு டயராக மழைக்குள் குந்தியிருந்து காற்றை இறக்கினோம். அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு புல்லரிக்கிறது. முதலில் மணல், அது எனக்குச் சொந்த வீடு மாதிரி. பிறகு களிமண். களியில் வண்டி, எண்ணெய் தடவிய தாச்சியில் அப்பம் வழுக்குவது போல வழுக்கியது. வேகமும் கூடாது, நிற்கவும் கூடாது. பிரேக்கைத் தொடாமல், எல்லில் இரண்டாம் கியரின் பிடியிலேயே இறங்கி ஏறினோம். பற்றைகள் இரண்டு பக்கமும் கதவைக் கீறின. ஒவ்வொரு வெள்ளத்தடியிலும் கணவர் இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டி, தடியோடு தானே நடந்து பார்த்தார். தேங்கி நிற்கிற தண்ணீர்தான், ஓட்டம் இல்லை. தன் முழங்காலுக்குக் கீழே நின்றால் கையைக் காட்டினார். நான் மெதுவாக, அலை முன்னால் போக, பின்னாலேயே போனேன்.

ஓர் இடத்தில் இடது பக்கம் முழுக்கப் பள்ளத்தில் இறங்கி, வண்டி சரிந்து நின்றது. யன்னலுக்குப் பக்கத்தில் சேறு. முன்னால் மிதிக்க வேண்டும் என்று கால் துடித்தது. மிதிக்கவில்லை. பின்னுக்கு எடுத்து, வந்த தடத்திலேயே ஏறி, கணவர் பற்றைக் கொப்புகளை முறித்துப் பள்ளத்தில் போட, அதற்கு மேலால் மறுபடியும் போனேன். சக்கரம் பிடித்தது! "பிடிச்சிட்டுது, பிடிச்சிட்டுது!" என்று அந்த அமைதியான மனிதர் சேற்றுக்குள் நின்று குதித்தார். பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் குதித்து நான் பார்த்ததில்லை.

எட்டு மணிக்கு ஊருக்குள் போனோம். அத்தான் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் பாதைக்கே கூட்டி வந்திருந்தார். அவள் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் பின்னால் ஏறினாள். "பெல்ட்டைப் போடு," என்றேன். எங்கள் தடங்களிலேயே திரும்பினோம். கொப்பு போட்ட பள்ளம் இரண்டாம் முறை லேசாக விட்டது. பெரிய வீதியில் ஏறியபோது எட்டு முப்பத்திரண்டு.

பரீட்சை மண்டபத்துக்கு அங்கிருந்து பதினாலு கிலோமீட்டர். எங்கள் டயர்களோ காற்றில்லாமல் தொளதொளவென்று கிடந்தன. சிறிய மின்பம்பு ஒன்று வைத்திருந்தோம். ஒரு டயருக்கு மூன்று நிமிடம் வேண்டும். காற்றடித்துவிட்டு அறுபதில் போனால் இருபத்தாறு நிமிடம், எட்டு ஐம்பத்தெட்டு. காற்றடிக்காமல் நாற்பதில் போனால் இருபத்தொரு நிமிடம், எட்டு ஐம்பத்துமூன்று. காற்றடிக்காமல் எண்பதில் போனால் பத்தரை நிமிடம். கணக்கு மண்டைக்குள் தானாக ஓடியது. எண்பது என்ற எண் எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா! ஈர வீதி, தொய்ந்த டயர், ஒரு வளைவில் ஒரு பசு.  கணவர் அறுபது என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

நாற்பதில் பிடித்தேன். ஆபத்து விளக்குகளைப் போட்டுக்கொண்டு, இடது ஓரமாக, கல்யாண ஊர்வலம் மாதிரிப் போனேன். பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு முந்தியது. பிறகு லொறி. பிறகு தேங்காய் ஏற்றிய ஓட்டோ ஒன்று என்னை, ஜீப் ரீச்சரை, முந்திக்கொண்டு போனது. ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பற்களைக் கடித்துக்கொண்டு ஊசியை நாற்பதில் வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான். பின்னால் பிள்ளை சமன்பாடுகளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

எட்டு ஐம்பத்துமூன்றுக்குப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். அவள் பெல்ட்டைக் கழற்றினாள். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அங்க உன்னைப் பாலத்தடியில விட்டிட்டுத் திரும்பினது கோவமோ?"

"கோவம்தான் சித்தி. சரியான கோவம்," என்றாள். ஒரு காலை வெளியே வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் தண்ணிக்குள்ளால வந்திருந்தா நான் ஒண்டும் கேக்காம ஏறியிருப்பன்."

சொல்லிவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது வராத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. ஓம், ஏறியிருப்பாள். என்னை நம்பி, ஒரு கேள்வி கேட்காமல், பெல்ட்டையும் போட்டுக்கொண்டு இருந்திருப்பாள். நான் அவளை வைத்துக்கொண்டு மறுபடியும் அதே தண்ணீருக்குள் இறங்கியிருப்பேன்.  பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, வாய்விட்டு அழுதேன், இடையில் சிரிப்பும் வந்தது. வாசலில் நின்ற காவல்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

கணவர் என் பக்கம் திரும்பவில்லை. சேறு அப்பிய கண்ணாடியை உள்ளேயிருந்து கையால் துடைத்து, குனிந்து, மண்டபத்தின் திறந்த யன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு விட்டிட்டினம்," என்றார். "கதிரையில இருந்திட்டாள்."